தியாகம் என்னும் கெட்ட வார்த்தை

ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் 12ஆம் தேதி நெருங்கும்போது எனக்குள் ஒரு சலிப்பு படர ஆரம்பித்துவிடும். அன்று உலகச் செவிலியர் தினம். அன்றைக்கென்றே எழுதப்பட்ட கவிதைகள் வந்து குவியும். வெண்ணிற ஆடை, தேவதை, மெழுகுவர்த்தி, தாய்மை என்ற நான்கு சொற்களைக் குலுக்கிப் போட்டால் ஒரு கவிதை விழுந்துவிடும். ஐந்தாவதாக ஒரு சொல் எல்லாக் கவிதைகளின் கடைசி வரியிலும் தவறாமல் வந்து உட்கார்ந்திருக்கும். அது 'தியாகம்'. இந்தக் கட்டுரை அந்த ஐந்தாவது சொல்லின் மீதான என் புகார்.

மே 12 ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலின் பிறந்த நாள். அவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் கையில் விளக்கேந்தி இரவில் நோயாளிகளிடையே நடந்துபோன ஒரு பெண்ணின் சித்திரம் மட்டுமே. அதே பெண்மணி கிரிமியப் போரிலிருந்து திரும்பிய பின் செய்த வேலையை நம் கவிஞர்கள் யாரும் பாடியதில்லை. அவர் இறந்தவர்களை எண்ணினார். எதனால் இறந்தார்கள் என்று மாதவாரியாகப் பிரித்தார். 1858இல் அவர் வெளியிட்ட வண்ண வரைபடம், போர்க்காயத்தால் இறந்தவர்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்த படைவீரர்களே மிகப் பலர் என்பதை அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே நீட்டியது. அந்தச் சாவுகளை வீரமரணம் என்று எழுதிக் கோப்பை மூடிவிட அன்றைய அதிகாரிகளுக்கு என்ன தடை இருந்திருக்கும்? அந்த வசதியை அவர் அவர்களுக்குத் தரவில்லை. விளக்கை எடுத்துக்கொண்ட நாம் வரைபடத்தைத் தொலைத்துவிட்டோம். என் சலிப்பின் வேர் இதுதான்.

*

ஒரு வாக்குமூலத்துடன் தொடங்குவது நியாயமாக இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தையை ஓர் அரசு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். பதினோரு இரவுகள் அவரது கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். தரையில் படுத்திருப்பவனுக்கு ஒரு வார்டு வேறு மாதிரியாகத் தெரியும். கட்டிலின் பக்கக் கம்பியை ஒரு நாளில் எத்தனை கைகள் பற்றுகின்றன என்பதை அங்கிருந்துதான் பார்த்தேன். எழ முயலும் நோயாளி, ஊசி போட வரும் சிஸ்டர், ஸ்ட்ரெச்சரை ஒட்டி நிறுத்துபவர், பார்க்க வந்த உறவினர், பிறகு நான். அதே கம்பியில் துண்டு காயும். அதே துண்டால் அப்பாவின் வாயைத் துடைப்பேன். அதே கையால் பொட்டலத்தைப் பிரித்து இட்லி சாப்பிடுவேன்.

விடியற்காலையில் துப்புரவுப் பணி செய்யும் ஓர் அம்மாள் வருவார். எல்லோரும் அவரை ஆயாம்மா என்றே அழைத்தார்கள். ஒரு வாளி, ஒரு துணி, முப்பதுக்கும் மேற்பட்ட கட்டில்கள். பத்தாவது கட்டிலை எட்டும்போது வாளித் தண்ணீர் சாம்பல் நிறமாகியிருக்கும். இரத்தமும் சளியும் பட்ட இடங்களை அவர் வெறும் கையால் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் கேட்டேன்.

"ஏம்மா, கையில கிளவுஸ் போட்டுக்கக் கூடாதா?"

"குடுத்தாங்க தம்பி, போன திங்கக்கெழம. கழுவிக் கழுவிப் போட்டதுல வெரல்ல ஓட்ட விழுந்திருச்சு. இனி அடுத்த திங்கக்கெழமதான்."

சன்னல் கம்பியைக் காட்டினார். துவைத்துக் காயப்போட்ட இரண்டு கையுறைகள் அங்கே தொங்கிக்கொண்டிருந்தன.

அப்பா குணமடைந்து வீடு திரும்பினார். நான் ஒரு கவிதை எழுதினேன். ஆயாம்மாவின் கைகளைப் பற்றிய கவிதை. ஒரு சிற்றிதழில் வெளிவந்தது. நண்பர்கள் பாராட்டினார்கள். அந்தக் கவிதையின் கடைசி வரியிலும் அந்த ஐந்தாவது சொல் இருந்தது. மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு, 'உங்கள் வார்டில் துப்புரவுப் பணியாளருக்கு வாரத்துக்கு ஒரு ஜோடி கையுறைதான் தரப்படுகிறது' என்று ஒரு வரிக் கடிதம் எழுத எனக்குத் தோன்றவில்லை. அந்த அம்மாளின் பெயரைக்கூட நான் கேட்டுவைத்திருக்கவில்லை.

ஆகவே பின்வரும் வசைகளில் முதல் பங்கு எனக்கே உரியது.

*

கட்டில் கம்பியும் துண்டும் கவிதைக்கு வெளியே என்னவாக இருக்கின்றன என்பதைப் பின்னர்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

நிபா வைரஸ் பழந்தின்னி வௌவால்களிடமிருந்து வருவது. வங்கதேசத்தில் குளிர்காலத்தில் ஈச்ச மரத்திலிருந்து இறக்கும் பச்சைச் சாற்றைக் குடிப்பவர்களுக்கு, வௌவால்கள் அந்தச் சாற்றை நக்கி அசுத்தப்படுத்தியிருக்குமானால், அது தொற்றுகிறது. மூளைக்காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வந்து பெரும்பாலோர் இறக்கிறார்கள். பிறகு அவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர்கள் நோய்ப்படுகிறார்கள். மருத்துவமனையில் நோயாளியின் எச்சிலும் சளியும் எங்கெல்லாம் போய்ச் சேர்கின்றன என்பதை அறிய 2013 டிசம்பர் முதல் 2014 ஏப்ரல் வரை அங்கே ஓர் ஆய்வு நடந்தது. ஆறு நிபா நோயாளிகளைச் சுற்றியிருந்த பொருட்களைப் பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுத்துச் சோதித்தார்கள். ஐந்து பேரின் சுற்றுப்புறத்தில் வைரஸின் ஆர்.என்.ஏ. இருந்தது. நான்கு பேரின் துண்டில், மூன்று பேரின் படுக்கை விரிப்பில், ஒருவரின் கட்டில் கம்பியில்.

துண்டு, விரிப்பு, கம்பி. நான் பதினோரு இரவுகள் தொட்டுக்கொண்டிருந்த அதே மூன்று பொருட்கள்.

இங்கே கறாராக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆர்.என்.ஏ. இருப்பதாலேயே அங்கே உயிர்ப்புள்ள வைரஸ் இருந்தது என்று ஆகிவிடாது. அது கிருமி விட்டுச்சென்ற தடமாக மட்டுமே இருக்கலாம். ஆனால் அந்தத் தடம் போகும் திசை தெளிவானது. நோயாளியின் வாயிலிருந்து துண்டுக்கு, துண்டிலிருந்து துண்டைப் பிழிபவரின் கைக்கு. வங்கதேசத்து அரசு மருத்துவமனைகளில், நம்மூரைப் போலவே, நோயாளிக்குச் சோறூட்டுவதும் உடம்பு துடைப்பதும் பெரும்பாலும் குடும்பத்தார்தான். அவர்களுக்கு இதையெல்லாம் சொல்லித் தருபவர் இல்லை.

இந்தியாவும் இதை அறியாததல்ல. 2001 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மேற்கு வங்காளத்தின் சிலிகுரியில் பெயர் தெரியாத ஒரு காய்ச்சல் 66 பேரைத் தாக்கியது. அவர்களில் பெரும்பாலோருக்கு நோய் மருத்துவமனையில்தான் தொற்றியது. அங்கே வேலை செய்தவர்கள், நோயாளியைப் பார்க்கப் போனவர்கள். அது நிபாதான் என்பது, பத்திரப்படுத்திய மாதிரிகளை மறுபடி சோதித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில்தான் தெரியவந்தது. நோயைக் குணப்படுத்துவதற்கென்று கட்டிய கட்டடமே நோயைப் பகிர்ந்தளித்த இடமாகியிருந்தது.

இத்தனைக்கும் இந்த வைரஸ் வெல்லமுடியாத அசுரன் ஒன்றும் அல்ல. அதன் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைக் கரைத்துவிடும். குளோரின் கரைசல் அதைக் கொன்றுவிடும். ஆனால் பிளீச்சிங் பவுடர் மந்திரத் திருநீறு அல்ல. திறந்து வைத்தால், ஈரமும் வெயிலும் பட்டால் அதன் வீரியம் போய்விடும். கரைசலை அன்றன்று புதிதாகக் கலக்க வேண்டும். இரத்தமோ சளியோ கிடக்கும் இடத்தில் முதலில் அழுக்கைத் துடைத்தெடுக்காமல் ஊற்றினால் அந்த அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். ஊற்றியதும் துடைத்துவிடக் கூடாது, சில நிமிடங்கள் ஊற வேண்டும். சுத்தமான இடத்தில் தொடங்கி அசுத்தமான இடத்தில் முடிக்க வேண்டும். ஒரு நோயாளிக்குப் பயன்படுத்திய துணி அடுத்தவரின் கட்டிலுக்குப் போகக் கூடாது. ஒரே வாளியில் மறுபடி மறுபடி முக்கிய துணி கிருமியை அகற்றுவதில்லை, கட்டில்தோறும் பங்கிட்டுக் கொடுக்கிறது.

அதாவது துடைப்பது ஒரு தொழில்நுட்பம். அதற்குப் பயிற்சி வேண்டும், நேரம் வேண்டும், போதுமான துணிகளும் கையுறைகளும் வேண்டும். நம் மருத்துவமனைகள் பலவற்றில் அந்த வேலை ஒப்பந்த நிறுவனங்களிடம் விடப்பட்டிருக்கிறது. நோய்க்கும் மற்ற நோயாளிகளுக்கும் இடையே நிற்கும் அந்தச் சுவரை, மிகக் குறைந்த கூலி வாங்குபவரின் வெறும் கைகளால் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

*

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

2018 மே மாதம் நிபா கேரளத்துக்கு வந்தது. கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் முதல் நோயாளியைக் கவனித்துக்கொண்ட செவிலியர் லினி புதுசேரி. நோயின் பெயர் வெளியுலகுக்குத் தெரியவந்த அதே நாட்களில், மே 21 அன்று, அவர் இறந்துபோனார். இரண்டு சிறு ஆண் குழந்தைகள். வெளிநாட்டில் வேலை பார்த்துவந்த கணவருக்கு அவர் கடைசியாக எழுதிய சிறு குறிப்பு நாடெங்கும் பரவி எல்லோரையும் அழவைத்தது. என்னையும்தான். கேரள அரசு குடும்பத்துக்கு உதவித்தொகையும் கணவருக்கு அரசு வேலையும் அளித்தது. மறு ஆண்டு ஆஷிக் அபு இயக்கிய 'வைரஸ்' திரைப்படத்தில் லினியை ஒட்டிய பாத்திரத்தில் ரீமா கல்லிங்கல் நடித்தார். அந்த மாநிலம் லினியை மறக்கவில்லை என்பதை மதிப்புடன் குறிப்பிட வேண்டும்.

லினியின் பெருமையை ஒரு குன்றிமணியும் குறைப்பது என் நோக்கமல்ல. அவரைப் பற்றி நாம் எழுதியவற்றைத்தான் கேள்வி கேட்கிறேன்.

தியாகம் என்றால் என்ன? தெரிந்தே தருவது. தராமல் இருக்கும் வாய்ப்பு இருந்தும் தருவது. லினிக்கு அந்த நோயாளியின் நோய் என்னவென்று தெரியாது. அங்கிருந்த யாருக்கும் தெரியாது. அவர் தம் வேலையைச் செய்தார், அதை நன்றாகச் செய்தார். அந்த வேலையைச் செய்பவர் உயிரோடு வீடு திரும்புவதற்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்து தருவது வேறு சிலரின் வேலை. அந்த ஏற்பாடு எங்கே அறுந்தது என்பதுதான் ஒரு சமூகம் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி. நாமோ அந்தக் கேள்வி நாவின் நுனிக்கு வரும் முன்பே 'தியாகம்' என்று சொல்லிவிட்டோம். சொன்ன கணத்திலேயே வேலை கொடுத்தவர் பட்டிருந்த கடன், வேலை செய்தவர் மனமுவந்து தந்த கொடையாக மாறிவிட்டது. கொடைக்கு யாராவது கணக்கு கேட்பார்களா?

'நோய் இன்னதென்றே தெரியாதபோது எப்படிப் பாதுகாத்துக்கொள்வது?' என்று கேட்பவர்கள் உண்டு. தெரியாத நோய்க்காகத்தான் விதியே எழுதப்பட்டிருக்கிறது. எய்ட்ஸ் பரவிய எண்பதுகளில் மருத்துவ உலகம் கற்றுக்கொண்ட பாடம் அது. எந்த நோயாளியிடம் எது இருக்கிறது என்று ஊகிக்க முயலாதே, ஒவ்வொருவரின் இரத்தமும் உடல்திரவமும் தொற்றக்கூடியவை என்றே எடுத்துக்கொண்டு கையுறை அணி, கையைக் கழுவு. இருமும் நோயாளிக்கு முகக்கவசம் கொடு, தனியே படுக்க வை. இதற்கு நோயின் பெயர் தேவையில்லை. சோப்பும் தண்ணீரும் கையுறையும் இடமும் போதுமான ஆட்களும் தேவை. கோழிக்கோட்டில் நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தாவிய இடங்களில் ஒன்று மருத்துவக் கல்லூரியில் ஸ்கேன் எடுக்கக் காத்திருக்கும் நடைவழி. கூட்டம் நெரியும் ஒரு நடைவழியைத் தியாகத்தால் எப்படிச் சரிசெய்வது?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த நாட்களில் பயந்து பலர் விலகியபோது கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியின் நிபா வார்டில் துப்புரவு செய்யவும் உடல்களைக் கையாளவும் தற்காலிகப் பணியாளர்கள் முன்வந்தார்கள். ஆபத்து தீர்ந்த பின் அவர்களின் வேலையும் தீர்ந்தது. வேலையைத் திரும்பக் கேட்டு 2019இல் அவர்கள் போராட வேண்டியிருந்தது. தேவதை என்று பாடப்பட்டவர் மாதக் கடைசியில் சம்பளம் கேட்டால் நமக்குச் சங்கடமாக இருக்கிறது. தேவதைகளுக்குச் சம்பளம் எதற்கு?

ஆல்பெர் காம்யுவின் 'கொள்ளை நோய்' நாவல் 1947இல் வெளிவந்தது. நம் சிற்றிதழ்க்காரர்கள் அனைவரும் மேற்கோள் காட்டும் நாவல். அதில் வரும் மருத்துவர் ரியூ தாம் செய்வதை வீரம் என்று அழைப்பதையே ஏற்பதில்லை. அவரைப் பொறுத்தவரை அது தம் வேலையை ஒழுங்காகச் செய்வது, அவ்வளவே. நற்செயல்களை அளவுக்கு மீறிப் புகழ்வதைக் கதைசொல்லியும் சந்தேகத்துடன்தான் பார்க்கிறார். நாவலைப் படித்த நாம் இதை மட்டும் ஏன் படிக்காமல் விட்டோம்?

*

'இவையெல்லாம் விதி, கொள்ளைநோய்க் காலத்தில் சிலர் பலியாவது தவிர்க்க முடியாதது' என்பவர்களுக்கு ஒரே நாளில் இரண்டு நகரங்களில் நடந்ததைச் சொல்கிறேன்.

2003 மார்ச் 7. ஹாங்காங்கின் ஒரே ஹோட்டலிலிருந்து சார்ஸ் வைரஸ் கனடாவின் இரு கரைகளுக்கும் வந்து சேர்ந்திருந்தது. அப்போது அதற்குச் சார்ஸ் என்ற பெயரே கிடையாது. அன்று வான்கூவர் பொது மருத்துவமனைக்கு, அந்த ஹோட்டலில் தங்கித் திரும்பிய ஒருவர் காய்ச்சலோடு வந்தார். சில நிமிடங்களில் அவரைத் தனியறைக்கு மாற்றினார்கள். அருகே சென்றவர்கள் உரிய முகக்கவசம் அணிந்தே சென்றார்கள். ஆசியாவிலிருந்து வரும் மர்மமான நிமோனியா பற்றிய எச்சரிக்கை அங்கே அவசரப் பிரிவின் வாசல்வரை வந்து சேர்ந்திருந்தது. அங்கே நோய் அநேகமாக அவரோடு நின்றுபோனது.

அதே மார்ச் 7 அன்று டொராண்டோவில், ஈழத்தமிழர்கள் நிறைந்து வாழும் ஸ்கார்பரோவின் ஒரு மருத்துவமனைக்கு வேறொருவர் வந்தார். அதே ஹோட்டலில் தங்கிவிட்டு வந்த அவரது தாய் இரண்டு நாள் முன்புதான் வீட்டில் இறந்திருந்தார். நெரிசலான அவசரப் பிரிவில், திரைச்சீலை மட்டுமே தடுப்பாக, அந்த இரவு முழுவதும் அவர் படுத்திருந்தார். அங்கிருந்து புறப்பட்ட சங்கிலி பல மருத்துவமனைகளுக்குப் போயிற்று. அந்த மாகாணத்தில் 44 பேர் இறந்தார்கள். அவர்களில் இருவர் செவிலியர், ஒருவர் மருத்துவர்.

ஒன்டாரியோ அரசு இதை விசாரிக்க நீதிபதி ஆர்ச்சி கேம்ப்பெல் தலைமையில் ஓர் ஆணையம் அமைத்தது. 2007 ஜனவரியில் வெளியான அதன் இறுதி அறிக்கை இறந்தவர்களை மரியாதையோடு நினைவுகூர்கிறது. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. வான்கூவருக்குத் தெரிந்தது டொராண்டோவுக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்கிறது. மே மாதத்தில், நோய் ஓய்ந்துவிட்டதாக நம்பிப் பாதுகாப்பு விதிகளைத் தளர்த்தியபோது, 'இன்னும் ஓயவில்லை' என்று ஒரு மருத்துவமனையின் செவிலியர்கள் எச்சரித்ததையும், அவர்கள் பேச்சு எடுபடாமல் போனதையும், இரண்டாம் அலை அங்கிருந்தே கிளம்பியதையும் பதிவு செய்கிறது. அறிவியல் முழு உறுதியோடு தீர்ப்புச் சொல்லும்வரை காத்திருக்காமல் நியாயமான முன்னெச்சரிக்கையை உடனே எடுக்க வேண்டும் என்ற ஒற்றைக் கொள்கையைத் தன் மையப் பாடமாக முன்வைக்கிறது.

நைட்டிங்கேலின் வரைபடம் போன்ற ஒரு காரியம் அது. சாவைப் புனிதப்படுத்தாமல் விசாரிப்பது. அத்தகைய அறிக்கை நமக்கு ஏன் சாத்தியமாகவில்லை என்பதை 2020 காட்டிக்கொடுத்தது.

*

அந்த ஆண்டில் நாம் செய்தவற்றை வரிசையாக நினைத்துப் பாருங்கள்.

மார்ச் 22, மாலை ஐந்து மணிக்குக் கைதட்டினோம். மார்ச் 30 அன்று உத்தரப் பிரதேசத்தின் பரேலியில், ஊர் திரும்பிய கூலித் தொழிலாளர்களைச் சாலையில் உட்காரவைத்து அவர்கள் மேல் கிருமிநாசினியைப் பீய்ச்சினார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூரில் சந்தைக்கு வருபவர்கள் நடந்து செல்லக் கிருமிநாசினிச் சுரங்கம் ஒன்று அமைக்கப்பட்டது. அதைப் பார்த்து மற்ற ஊர்களும் அமைத்தன. அடுத்த சில நாட்களில் தமிழகப் பொதுச் சுகாதாரத் துறையே அது வேண்டாம் என்றது. தெருவிலும் மனிதர் மேலும் மருந்து தெளிப்பதால் பயனில்லை, கேடு உண்டு என்று மே மாதம் உலகச் சுகாதார நிறுவனமும் கூறியது. ஆனால் இந்த வைரஸ் காற்றில் பரவுவதல்ல என்று மார்ச் மாதக் கடைசியில் அடித்துச் சொன்னதும் அதே நிறுவனம்தான். அதைத் திருத்திக்கொள்ள அதற்கு வெகுகாலம் பிடித்தது. கொரோனாவைப் பொறுத்தவரை பரப்புகளைவிட மூடிய அறையின் காற்றே பெரிய ஆபத்து என்பது இன்று தெளிவாகிவிட்டது.

இதைச் சொல்வதால் என் முந்தைய வாதம் பலவீனப்படுவதாக நான் கருதவில்லை. நிபாவுக்குத் துண்டும் விரிப்பும், கொரோனாவுக்குக் காற்று, உலர்ந்த இரத்தத்திலும் ஏழு நாள் வீரியத்தோடு கிடக்கக்கூடிய ஹெபடைடிஸ்-பி வைரஸுக்கு ஊசிமுனையும் மேசைவிளிம்பும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி உண்டு, அதை அடைக்கும் முறையும் உண்டு. நாம் அடைத்தவை கேமராவுக்குத் தெரியும் வழிகளை மட்டுமே. தெருவில் புகை அடிப்பது படத்தில் நன்றாக விழும். பூட்டிய வார்டின் சன்னலைத் திறந்துவைப்பதும், கட்டிலுக்கு ஒரு துணி என்று கணக்கிட்டு வாங்குவதும் படத்தில் விழாது.

ஏப்ரல் 19 அன்று சென்னையின் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் இறந்தார். அவர் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. ஆம்புலன்ஸில் வந்தவர்கள் காயமடைந்தார்கள். கடைசியில் சக மருத்துவர் ஒருவர் நள்ளிரவில் தம் கையாலேயே மண் தள்ளிக் குழியை மூட நேர்ந்தது. முறைப்படி உறையிட்டு ஆழப் புதைத்த உடலிலிருந்து நோய் எழுந்து வராது என்பதைச் சொல்லித்தர நமக்கு வாயில்லை. கைதட்டத் தெரிந்திருந்தது. சரியாக இரண்டு வாரம் கழித்து, மே 3 அன்று, விமானப்படை ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள் மேல் பூத்தூவின. கல்லும் பூவும் இரண்டு வாரத்துக்குள். எனக்கு அவை முரண்பட்டவையாகத் தோன்றவில்லை. இரண்டுமே மருத்துவப் பணியாளரை மனிதர் அல்லாத ஒன்றாகப் பார்ப்பவர்களின் செயல்கள். ஒன்றில் தீட்டு, மற்றதில் தெய்வம்.

கணக்கு? 2020 செப்டம்பரில் எத்தனை மருத்துவப் பணியாளர்கள் இறந்தார்கள் என்ற கேள்வி நாடாளுமன்றத்தில் எழுந்தபோது, அந்தத் தரவு தன்னிடம் பராமரிக்கப்படவில்லை என்று மத்திய அரசு சொன்னது. கொதித்துப்போன இந்திய மருத்துவச் சங்கம் இறந்த 382 மருத்துவர்களின் பட்டியலை வெளியிட்டது. மருத்துவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது, எண்ணிச் சொன்னது. ஆயாம்மாக்களை எண்ணியது யார்? 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகெங்கும் சுமார் 1,15,500 மருத்துவப் பணியாளர்கள் கொரோனாவால் இறந்திருக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. குறைந்தது 80,000, அதிகபட்சம் 1,80,000 என்பது அந்த மதிப்பீட்டின் எல்லைகள். இடைப்பட்ட ஒரு லட்சம் பேர் இறந்தார்களா இல்லையா என்பதே உறுதியாகத் தெரியாத அளவுக்கு உலகம் அவர்களைக் கவனித்திருக்கிறது. எண்ணத் தேவையில்லாதவர்களைத்தான் நாம் தியாகிகள் என்கிறோமோ என்ற ஐயம் எனக்கு வலுப்பட்டுக்கொண்டே வருகிறது.

*

எதிர்வாதங்களை அறிவேன். 'நன்றி சொல்வதும் குற்றமா?' என்பார்கள். நன்றி சொல்லுங்கள். ஆனால் நன்றி, பாக்கி வைத்திருக்கும் கூலிக்கு ரசீது ஆகாது. 'புகழ்ச்சி அவர்களுக்கு மனவலிமை தருகிறது' என்பார்கள். இருக்கலாம். கிழியாத கையுறை அதைவிட அதிக வலிமை தரும் என்பதை எந்தச் செவிலியரிடமும் கேட்டு உறுதிசெய்துகொள்ளலாம். 'ஏழை நாட்டில் இவ்வளவுதான் முடியும்' என்பது மூன்றாவது வாதம். நிபாவுக்கு எதிராக வேண்டியவற்றில் பாதி சோப்பு, தண்ணீர், துணி, பிளீச்சிங் பவுடர், அவற்றைச் சரியாகப் பயன்படுத்த அரைநாள் பயிற்சி. ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி மூன்று தவணை. ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளருக்கும் அதைப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க ஒரு பதிவேடு. பூத்தூவ ஹெலிகாப்டர் பறக்கவிட முடிந்த நாட்டுக்கு இவை எட்டாத செலவா?

நான்காவது வாதம் நம் ஆட்களிடமிருந்தே வரும். 'இலக்கியவாதி கையுறைக் கணக்குப் பார்ப்பவனா?' என்பது. ஆம், பார்க்க வேண்டும். ஏனெனில் இந்தச் சொல்லை உருவாக்கிக் கொடுத்தவர்கள் நாம். மேடையில் பேசும் அமைச்சரும் சுவரொட்டி அடிக்கும் நிர்வாகமும் நாம் வார்த்த நாணயத்தைத்தான் செலவழிக்கிறார்கள். வெளுத்த சொற்களை ஒதுக்கித் துல்லியமான சொல்லைத் தேடுவதுதான் நம் தொழில் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் மார்தட்டிக்கொள்கிறோமே, அந்தத் தொழில் இங்கே ஏன் நின்றுபோகிறது? பணியிடத்தில், தடுத்திருக்கக்கூடிய காரணத்தால் ஒருவர் இறந்தால் அதற்குத் தமிழில் சொல் இல்லாமல் போகவில்லை. சுரங்கம் இடிந்து இறந்தவரையும் பட்டாசு ஆலையில் கருகியவரையும் விபத்தில் இறந்தவர் என்கிறோம். விசாரணை கேட்கிறோம், இழப்பீடு கேட்கிறோம், உரிமையாளரின் பெயரைக் கேட்கிறோம். மருத்துவமனையில் இறந்த பணியாளர் விஷயத்திலும் அதே கேள்விகளைக் கேட்போம்.

அடுத்த மே 12க்கு எழுதப்போகும் நண்பர்களிடம் என் வேண்டுகோள் மிகச் சிறியது. எழுதும் முன் உங்கள் ஊர் மருத்துவமனைக்கு ஒரு முறை போங்கள். வார்டைத் துடைப்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். கடைசியாக எப்போது புதுக் கையுறை கிடைத்தது? ஊசி குத்திவிட்டால் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று சொல்லித் தந்திருக்கிறார்களா? தடுப்பூசி போட்டிருக்கிறார்களா? விடைகளை எழுதிக் கண்காணிப்பாளருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புங்கள். மிச்சமிருக்கும் நேரத்தில் கவிதை எழுதலாம்.

மறக்காமல் அவருடைய பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை.